கடலற்ற ஊரில் உருவான கடற்செவி

சற்று நீண்ட பதிவு. அறிவியல் வரலாற்றைப் பாடமாகவோ ஆய்வுப்பொருளாகவோ கொண்ட மாணவர்களை மனத்தில் இருத்தி எழுதியது. இயற்பியல் பயிலாதோரும் தொடர்ந்து வாசிக்க வேண்டும் என்பதால் அடிப்படைகளிலிருந்தே தொடங்குகிறேன்.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். கடற்காற்றோ உப்பின் மணமோ இங்கு எட்டுவதில்லை. ஆயினும் இந்தியக் கடற்படையின் போர்க்கப்பல்களும் நீர்மூழ்கிகளும் நீருக்கடியில் கேட்பதற்கு நம்பியிருக்கும் சோனார் கருவிகளில் பெரும்பாலானவை இந்நகரின் ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் உற்பத்தியாகின்றன. அவற்றை வடிவமைக்கும் ஆய்வுக்கூடம் கொச்சியில் இருக்கிறது. கடலோரம் வடிவமைத்ததைக் கடலற்ற மேட்டுநிலத்தில் செய்வானேன் என்று வியப்போர் உண்டு. சோனாரின் கடினமான பகுதி எது என்று புரிந்துகொண்டால் அந்த வியப்பு அடங்கிவிடும். ஒலியை எழுப்புவது எளிது. திரும்பி வரும் ஒலிகளின் பெருங்குழப்பத்திலிருந்து வேண்டிய ஒன்றைப் பிரித்தெடுப்பதே அரிது. அந்தப் பிரித்தெடுப்பு நடைபெறும் இடம் மின்னணுச் சுற்று. இந்தியா அக்கலையைக் கற்றுக்கொண்ட வரலாறு ஒரு கப்பலின் மூழ்கலோடும் 194 மனிதர்களின் மறைவோடும் பிணைந்தது. இப்பதிவு அந்த வரலாற்றைப் பற்றியது.

1. ஏன் ஒலி?

கடலுக்குள் ஒளி நெடுந்தொலைவு செல்லாது. தெளிந்த நீரிலும் 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே பகலொளி மிகவும் மங்கிவிடுகிறது. ரேடார் பயன்படுத்தும் ரேடியோ அலைகளை உப்புநீர் விரைவில் உறிஞ்சிக்கொள்கிறது. நெடுந்தொலைவு கடப்பது ஒலி ஒன்றே. காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது. நீர் காற்றைவிட அடர்ந்தது என்பதால் இவ்வேகம் வந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நீர் எளிதில் அமுங்காதது; ஒரு துகளின் தள்ளல் அடுத்த துகளை உடனே எட்டிவிடுகிறது. வேகத்தின் காரணம் இந்த அமுங்காமையே.

இவ்வேகத்தை முதன்முதலில் நம்பத்தக்க முறையில் அளந்தவர்கள் தானியல் கொலாடனும் சார்லஸ் ஸ்டர்மும். 1826இல் ஜெனீவா ஏரியில் ஒரு படகிலிருந்து நீருக்குள் மணி அடிக்கப்பட்டது. அதே கணத்தில் மேலே வெடிமருந்து கொளுத்தப்பட்டது. 13 கிலோமீட்டருக்கும் அப்பால் மற்றொரு படகில் இருந்த கொலாடன், நீருக்குள் ஒரு குழலை அமிழ்த்திக் காத்திருந்தார். ஒளி தெரிந்த கணத்துக்கும் மணியோசை கேட்ட கணத்துக்கும் இடைப்பட்ட நேரமே கணக்குக்குப் போதுமானதாயிற்று. அவர்கள் கண்ட விடை வினாடிக்கு 1435 மீட்டர். 8 பாகை வெப்பநிலையிலுள்ள நன்னீருக்கு இது இன்றைய அளவீட்டோடு நெருங்கிப் பொருந்துகிறது.

நீருக்குள் செவி வைத்தல் தமிழருக்குப் புதிதன்று. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றி நம்மில் பலர் கேட்டிருப்போம். நிலவொளி இரவில் தோணியில் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரில் நிறுத்தி மறுமுனையில் காதை வைத்தால் வாவியின் அடியிலிருந்து எழும் இசை கேட்கும் என்பது அவ்வூரார் வழக்கு. அம்மக்கள் தம் ஊரை மீன்பாடும் தேன்நாடு என்றே பெருமையுடன் அழைக்கின்றனர். அறிவியல் நோக்கில் அத்துடுப்பு ஒரு நீரடி ஒலிவாங்கி. நீரின் அதிர்வு மரத்தில் ஏறி எலும்பின் வழியே செவியை அடைகிறது. தான் ஒலி எழுப்பாமல் பிறர் எழுப்பும் ஒலியை மட்டும் கேட்கும் இம்முறையே இன்று செயலறு சோனார் எனப்படுகிறது. நீர்மூழ்கிகள் பெரிதும் நம்புவது இதைத்தான். தாம் ஒலித்தால் தம் இருப்பிடம் வெளிப்பட்டுவிடும் அல்லவா?

மற்றொன்று செயலுறு சோனார். இது ஒரு குறுகிய ஒலித்துடிப்பை அனுப்பி அதன் எதிரொலிக்காகக் காத்திருக்கும். வௌவாலும் ஓங்கிலும் இதைத்தான் செய்கின்றன. துடிப்பு புறப்பட்டு 4 வினாடிகளில் எதிரொலி திரும்பினால், ஒலி கடந்த மொத்தத் தொலைவு 6000 மீட்டர். போகவும் வரவும் சேர்ந்த கணக்கு அது என்பதால் பொருள் இருக்கும் தொலைவு 3 கிலோமீட்டர். வரும் எதிரொலியின் சுருதி கூடியிருந்தால் பொருள் நம்மை நெருங்குகிறது, குறைந்திருந்தால் விலகுகிறது. இரயில் நம்மைக் கடந்து செல்கையில் ஊதலின் சுருதி மாறுவதும் இதே விதியால்தான்.

2. பனிப்பாறையிலிருந்து பெங்களூரு வரை

1912இல் டைட்டானிக் மூழ்கியபின், இருளில் பனிப்பாறையை அறியும் வழி தேடிப் பலர் முயன்றனர். கனடாவில் பிறந்த ரெஜினால்ட் ஃபெஸண்டன் தம் மின்காந்த அலைவியை 1914 ஏப்ரலில் நியூஃபவுண்ட்லாந்து அருகே ஒரு கப்பலில் வைத்துச் சோதித்து, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பனிப்பாறையின் எதிரொலியைப் பெற்றார். அதே ஆண்டில் உலகப்போர் மூண்டது. தேடப்படும் பொருள் பனிப்பாறையிலிருந்து ஜெர்மானிய நீர்மூழ்கியாக மாறியது.

பிரெஞ்சு இயற்பியலாளர் போல் லாஞ்செவான் இங்கே முக்கியமானவர். குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1880இல் ஜாக் கியூரியும் பியேர் கியூரியும் கண்டறிந்திருந்தனர். மின்னழுத்தம் கொடுத்தால் அதே படிகம் சுருங்கி விரியும். ஆக, ஒரே படிகம் வாயாகவும் செவியாகவும் பணிபுரியக்கூடும். லாஞ்செவான் குவார்ட்ஸ் தகடுகளை எஃகுத் தகடுகளுக்கிடையே பொருத்தி மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியை நீருக்குள் செலுத்தினார். 1918இல் ஒரு நீர்மூழ்கியின் எதிரொலி அவருக்குக் கிட்டியது. பிரிட்டனில் இதே முயற்சி ஆஸ்டிக் என்ற பெயரில் வளர்ந்தது. சோனார் என்னும் சொல் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் புனையப்பட்டது.

இம்மரபின் ஒரு கிளை பெங்களூருவை வந்தடைந்ததை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசவில்லை. லாஞ்செவானின் மாணவர் பியேர் பிகார், ரெனே லூக்காவுடன் இணைந்து, மீயொலி பாயும் திரவத்தின் ஊடே ஒளியைச் செலுத்தினால் அவ்வொளி பல கற்றைகளாகப் பிரிவதை 1932இல் பாரிசில் கண்டார். அதே ஆண்டில் அமெரிக்காவில் டிபையும் சியர்ஸும் தனியாக இதைக் கண்டனர். இந்நிகழ்வுக்கு நிறைவான கோட்பாட்டை வகுத்தவர்கள், 1935–36இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய சி.வி. இராமனும் நாகேந்திர நாத்தும் ஆவர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த இராமன் அதற்கு முந்தைய ஆண்டு இந்நகரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழிலேயே அக்கட்டுரைகள் வெளிவந்தன. இராமன் சோனாரைச் செய்ய முனையவில்லை. அவருடைய நாட்டம் ஒளியில் இருந்தது. எனினும் நீருக்குள் ஒலி அலை எத்தகைய அமைப்பை உண்டாக்குகிறது என்ற கேள்வியை உலகத்தரத்தில் எழுப்பி விடை கண்ட ஊர் இது. அந்த அறிவுக்கும் ஒரு கடற்படையின் தேவைக்கும் இடையே பாலம் அமைய மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

3. கடல் ஒன்றன்று

கடல் முழுவதும் ஒலியின் வேகம் ஒன்றாக இருந்திருந்தால் சோனார் எளிய கருவியாகவே நின்றிருக்கும். உண்மையில் வெப்பநிலை, உப்பு, அழுத்தம் ஆகிய மூன்றும் அவ்வேகத்தை மாற்றுகின்றன. வெதுவெதுப்பான நீரில் ஒலி விரைகிறது, குளிர்நீரில் தாமதிக்கிறது. ஒரு பகுதி விரைந்தும் மறுபகுதி தாமதித்தும் செல்லும் அலை, தாமதிக்கும் பக்கமாக வளையும். இரண்டு மாடுகளில் ஒன்று மெதுவாக நடந்தால் வண்டி அப்பக்கம் திரும்புவதைப் போன்றது இது.

1930களில் அமெரிக்கக் கடற்படை கியூபாவின் குவாண்டனாமோ அருகே இதன் விளைவைக் கண்டு திகைத்தது. காலையில் நன்றாக இயங்கிய சோனார் பிற்பகலில் செவிடாகிவிட்டது. இயக்குநர்கள் மதிய உணவுக்குப்பின் சோர்ந்துவிடுகிறார்கள் என்றுகூட ஐயம் எழுந்ததாகச் சொல்வார்கள். காரணம் நீரில் இருந்தது. வெயில் ஏற ஏற மேல்நீர் சூடாகி, ஒலி கீழ்நோக்கி வளைந்து, சற்றுத் தொலைவுக்கு அப்பால் ஒலியே எட்டாத நிழல் மண்டலம் ஒன்று உருவாகிறது. அந்நிழலில் நிற்கும் நீர்மூழ்கி, தொலைவில் சோனார் ஒலித்துக்கொண்டிருந்தாலும் அகப்படாது.

இவ்விடத்தை மாணவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். விடுதலைக்குப்பின் இந்தியக் கடற்படையிடம் இருந்த சோனார்கள் பிரிட்டனில் உருவானவை. அவை வட அட்லாண்டிக்கின் குளிர்நீரை அறிந்தவர்களின் கைவண்ணம். அரபிக்கடலும் வங்கக்கடலும் ஆண்டு முழுவதும் மேற்பரப்பு வெதுவெதுப்பாக இருக்கும் கடல்கள். பருவக்காற்று அவற்றின் அடுக்குகளை ஆண்டுக்கு இருமுறை புரட்டிப் போடுகிறது. கருவியை விலைக்கு வாங்கலாம். அக்கருவி எந்தக் கடலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதோ அந்தக் கடலை வாங்க இயலாது. கொச்சியில் 1952இலேயே கடற்படைக்கென ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டதன் அடிப்படை இதுதான். அது பின்னர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் இணைந்து, இன்று என்.பி.ஓ.எல். என்ற பெயரில் இயங்குகிறது. ஆனால் ஆய்வுக்கூடம் இருப்பது ஒன்று, அதன் விடைகள் கப்பலை வந்தடைவது மற்றொன்று.

4. 1971 டிசம்பர் 9

வங்கதேசப் போரின்போது, தீவுக்கு அப்பால் அரபிக்கடலில் பாகிஸ்தானின் ஹங்கோர் என்னும் நீர்மூழ்கி உலவியது. அது பிரான்சில் கட்டப்பட்ட, அன்றைய அளவில் புதிய, அமைதியாக இயங்கும் டாஃப்னே வகை நீர்மூழ்கி. அதைத் தேடி ஐ.என்.எஸ். குக்ரி, ஐ.என்.எஸ். கிர்பான் என்னும் இரு கப்பல்கள் அனுப்பப்பட்டன. இரண்டும் 1950களில் பிரிட்டன் வடிவமைத்த நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல்கள். நீர்மூழ்கியைக் கண்டறியவே கட்டப்பட்ட கப்பல்கள் அவை என்பதை நினைவில் இருத்துவோம்.

டிசம்பர் 9 இரவு ஹங்கோர் நீருக்கடியில் இருந்தபடி, அக்கப்பல்கள் எழுப்பிய ஒலியைப் பின்பற்றி நெருங்கியது. கிர்பானை நோக்கி விட்ட முதல் டார்பிடோ வெடிக்கவில்லை. அடுத்தது குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கப்பல் தலைவர் மகேந்திர நாத் முல்லா தப்பிச்செல்ல மறுத்துக் கப்பலோடு மறைந்தார்.

இறந்தோருள் லெப்டினன்ட் வி.கே. ஜெயின் என்னும் இளம் பொறியியலாளரும் ஒருவர். குக்ரியின் சோனார் எட்டும் தொலைவைக் கூட்டுவதற்காகத் தாம் உருவாக்கிய கருவியைக் கடலில் சோதிக்கவே அவர் அக்கப்பலில் இருந்தார். கப்பல் விரைந்து சென்றால் அதன் உடலை உரசும் நீரும் சுழலும் உந்துவிசிறியும் எழுப்பும் இரைச்சல் சோனாரையே மூழ்கடித்துவிடும். நன்றாகக் கேட்க வேண்டுமெனில் மெதுவாகச் செல்ல வேண்டும். மெதுவாகச் செல்லும் கப்பலோ டார்பிடோவுக்கு எளிய இலக்கு. குக்ரி அன்றிரவு வேகம் குறைத்துச் சென்றது சரிதானா, அச்சோதனைக்கு அதில் எவ்வளவு பங்கு உண்டு என்னும் வினா இந்தியக் கடற்படை வரலாற்றை எழுதியோரிடையே இன்றும் விவாதத்துக்குரியதாகவே இருக்கிறது.

அவ்விவாதத்தில் ஒரு பக்கம் சேர்வது இப்பதிவின் நோக்கமன்று. ஆனால் அது எழுப்பும் இக்கட்டு தனிமனிதர் எவருடைய பிழையையும்விடப் பெரியது. கேட்பதற்காக உயிரைப் பணயம் வைத்து வேகம் குறைக்க வேண்டிய நிலைக்கு ஒரு கப்பல் தள்ளப்பட்டது என்றால், அதன் செவி அக்கடலுக்கும் அக்காலத்துக்கும் போதவில்லை என்பதே பொருள். அன்றிரவின் மோதலில் நன்றாகக் கேட்டவர் பிழைத்தார்.

5. பொள்ளாச்சியில் பிறந்தவர்

ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் சேர்ந்து கடற்படை அதிகாரியானவர். டெல்லி ஐ.ஐ.டி.யில் சமிக்ஞைகளை இரைச்சலிலிருந்து வடித்தெடுக்கும் கணிதத்தில் ஆய்வு செய்து 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். குக்ரியின் இழப்புக்குப்பின், 1972இல், கப்பல்களில் இருந்த பிரிட்டானிய சோனார் 170பி கருவியை மேம்படுத்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தாளில் இருந்த கணிதம் கடலில் சோதனைக்கு வந்தது. அவர் மாற்றியமைத்த வடிவம் கடற்படையால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அடுத்த படி பெரியது. 1977 முதல் 1983 வரை கொச்சி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் அப்சோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய சோனார் உருவானது. கப்பலின் அடியில் பொருத்தப்பட்டு, நாற்புறமும் ஒரே நேரத்தில் கேட்கவல்ல கருவி அது.

நாற்புறமும் கேட்டல் என்பது என்ன? பெங்களூரு பசவனகுடியில் கார்த்திகை மாதத்தில் நடக்கும் கடலைக்காய்த் திருவிழாவை அறிந்தோர் இவ்வாறு எண்ணிப் பார்க்கலாம். அந்நெரிசலில் கண்ணை மூடி நின்றாலும், நம் பெயரைச் சொல்லி அழைக்கும் குரல் எத்திசையிலிருந்து வந்தது என்று அறிந்துவிடுகிறோம். குரல் ஒரு செவியை முன்னும் மற்றொரு செவியை மிகச் சிறிது பின்னும் அடைகிறது. மூளை அந்த இடைவெளியைக் கணக்கிடுகிறது. சோனாரில் இரண்டு செவிகளுக்கு மாறாகப் பல ஒலிவாங்கிகள் அணியாக நிற்கின்றன. 75 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஒலிவாங்கிகள் இருப்பதாகக் கொள்வோம். நேரெதிரிலிருந்து 30 பாகை விலகி வரும் ஒலி, ஒன்றைவிட மற்றொன்றை அடைய 37.5 சென்டிமீட்டர் கூடுதலாகச் செல்ல வேண்டும். அதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியில் 4000இல் ஒரு பங்கு. முந்திக் கேட்ட ஒலிவாங்கியின் சமிக்ஞையை அவ்வளவு நேரம் தாமதப்படுத்தி இரண்டையும் கூட்டினால், அத்திசையிலிருந்து வந்த ஒலி வலுப்பெறும். பிற திசைகளின் ஒலிகள் ஒன்றோடொன்று முரண்பட்டு மெலியும். தாமத அளவை மாற்றிக் கூட்டினால் செவி வேறு திசைக்குத் திரும்பிவிடும். கருவியின் எந்தப் பகுதியும் அசைய வேண்டியதில்லை.

இதன் பயனையும் எண்ணால் காணலாம். 100 ஒலிவாங்கிகளின் வெளியீட்டை இவ்வாறு கூட்டினால், வேண்டிய ஒலியின் வீச்சு 100 மடங்காகிறது. ஒவ்வொன்றிலும் தனித்தனியே எழும் ஒழுங்கற்ற இரைச்சலோ ஏறத்தாழ 10 மடங்குதான் உயர்கிறது. இரைச்சலில் புதைந்திருந்த எதிரொலி இவ்வாறு மேலெழுகிறது. எல்லாத் திசைகளுக்கும் இக்கூட்டலை இடைவிடாது, உடனுக்குடன் செய்ய வேண்டும் என்பதே சவால். அது மின்னணுவியலின் சவால், கணிப்பின் சவால். 1954இல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூருவில் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ், அப்சோவை உற்பத்தி செய்யும் பொறுப்பை ஏற்றது. கடலற்ற ஊர் கடலுக்குச் செவி செய்யத் தொடங்கியதன் காரணம் இதுவே. 1980களின் தொடக்கத்தில் ஐ.என்.எஸ். ஹிம்கிரியில் சோதிக்கப்பட்ட அக்கருவி, பின்னர் கோதாவரி வகைப் போர்க்கப்பல்களில் இடம்பெற்றது.

6. செவிகள் பெருகின

பால்ராஜைப் பற்றி மட்டும் எழுதி முடித்தால் அது நாயக வழிபாடாகிவிடும். பெங்களூருவில் பிறந்து, இந்நகரின் விசுவேசுவரய்யா பொறியியல் கல்லூரியிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் பயின்று, கனடாவில் பேராசிரியராக இருந்த வாசுதேவ் ஆத்ரே, 1980இல் கொச்சி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பின்னர் அதன் இயக்குநரானார். நீர்மூழ்கிகளுக்கென இந்தியாவில் உருவான முதல் சோனார்த் தொகுதி பஞ்சேந்திரியா அவர் காலத்தில் எழுந்தது. அடுத்த தலைமுறையாக, போர்க்கப்பல்களுக்கு ஹம்சாவும், சிந்துகோஷ் வகை நீர்மூழ்கிகளுக்கு உஷஸும் கொச்சியில் உருப்பெற்றுப் பெங்களூருவில் உற்பத்தியாயின. இவற்றின் பின்னே பெயர் அறியப்படாத நூற்றுக்கணக்கான பொறியாளர்களும், பீங்கான் படிகங்களைச் சுட்டுத் தேய்த்த தொழிலாளர்களும், கொந்தளிக்கும் கடலில் இரவு பகலாகக் கருவியோடு அமர்ந்த மாலுமிகளும் இருந்தனர். பாதுகாப்புத் துறையின் வரலாற்றில் இத்தகையோரின் பெயர்கள் கோப்புகளுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

பால்ராஜ் 1980களின் பிற்பகுதியில் பெங்களூருவுக்கு வந்து, செயற்கை நுண்ணறிவுக்கும் எந்திரனியலுக்குமான ஆய்வு மையத்தின் நிறுவன இயக்குநரானார். பாரத் எலெக்ட்ரானிக்ஸின் மைய ஆய்வுக்கூடத்தை உருவாக்கியதிலும் அவர் பங்கு உண்டு. 1991இல் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சென்றார். ஒரே அலைவரிசையில் பல வானலை வாங்கிகளைக் கொண்டு பல சமிக்ஞைகளை அனுப்பி, மறுமுனையில் அவை வந்த வழிகளின் வேறுபாட்டைக் கொண்டே பிரித்துவிட முடியும் என்னும் எண்ணத்துக்கு, தாமஸ் கைலாத்துடன் இணைந்து 1992இல் காப்புரிமை கோரினார். 1994இல் அது வழங்கப்பட்டது. மைமோ எனப்படும் அம்முறை இன்று நம் கைப்பேசியிலும் வீட்டு வைஃபையிலும் உறைகிறது. 2014இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

நீருக்குள் பல செவிகளை அணிவகுத்துத் திசையைப் பிரித்தறிந்த கணிதமும், வானில் பல வாங்கிகளை அணிவகுத்துச் செய்தியைப் பிரித்தறியும் கணிதமும் உடன்பிறப்புகள். இப்பதிவை நீங்கள் கைப்பேசியில் வாசிப்பீர்களாயின், சோனார் ஆய்வில் பண்பட்ட சிந்தனை ஒன்றின் பயனை இக்கணம் நுகர்கிறீர்கள்.

7. பயன்களும் பழிகளும்

போரை விட்டு நீங்கியும் எதிரொலி வாழ்கிறது. காசிமேட்டிலும் இராமேசுவரத்திலும் விசைப்படகுகளில் இருக்கும் எக்கோ சவுண்டர் அதன் எளிய வடிவம். மீனின் உடல் பெரும்பாலும் நீரையே ஒத்தது என்பதால் அதன் தசை வலுவான எதிரொலி தருவதில்லை. பல மீன்களின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையே திரையில் தெரியும் புள்ளியை உண்டாக்குகிறது. நீருக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. வேறுபாடு பெரிதாயின் எதிரொலியும் பெரிது. சென்னையில் 1993இல் நிறுவப்பட்ட தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவை, விசிறியாக விரியும் பல ஒலிக்கற்றைகளைக் கொண்டு கடலடி நிலத்தின் வரைபடத்தை உருவாக்குகின்றன. துறைமுகங்களில் ஆழம் பார்ப்பதும், மூழ்கிய கப்பல்களைத் தேடுவதும் இம்முறையிலேயே.

மருத்துவமனை ஸ்கேன் கருவியும் இதே குடும்பம்தான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவருடைய குழுவினரும் 1958இல் வெளியிட்ட கட்டுரைக்குப்பின், கருவிலிருக்கும் குழந்தையை மீயொலியால் காணும் முறை பரவியது. தாயையும் சேயையும் காத்த அதே எதிரொலி, இந்தியாவில் பெண்கருவை அடையாளம் கண்டு அழிக்கவும் துணைபோனது. கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் இயற்றப்பட வேண்டியதாயிற்று. கடலிலும் ஒரு பழி உண்டு. 2000 மார்ச்சில் பகாமாஸ் தீவுகளில் அலகுத் திமிங்கிலங்கள் கரையொதுங்கியதற்குத் தன் கப்பல்களின் வலிய சோனாரே பெரும்பாலும் காரணம் என்று அமெரிக்கக் கடற்படை ஏற்றுக்கொண்டது. செவியால் வாழும் உயிர்களின் உலகில் நாம் உரத்துக் கூவுகிறோம் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

8. வரலாற்று மாணவர்களுக்கு

இந்திய அறிவியலின் தற்சார்பைப் பற்றி எழுதப்படும் வரலாறுகள் பெரும்பாலும் வெற்றிப் பட்டியல்களாக இருக்கின்றன. இன்ன ஆண்டு இன்ன கருவி, இன்னாருக்கு இன்ன விருது என்று அவை நகர்கின்றன. சோனாரின் கதையை அவ்வாறு எழுதினால் 1983இல் தொடங்கிவிடலாம். ஆனால் 1971 டிசம்பர் 9 இல்லாமல் 1983 இல்லை. இழப்பை நீக்கிவிட்டு வெற்றியை மட்டும் எழுதும் வரலாறு, அவ்வெற்றி ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லாமலே முடிந்துவிடும்.

மேலும் ஒன்று. ஒரு நாடு தன் கடலைத் தானே அறிந்தாக வேண்டும் என்ற அறிவு, கருவியைச் செய்யும் திறனுக்கு முற்பட்டது. பருவந்தோறும் மாறும் நீரடுக்குகளை அளந்து குறித்துவைக்கும் பணி பரபரப்பற்றது, செய்தியாகாதது, விருது பெறாதது. அப்பணியில் பஞ்சம் நேர்ந்தால் எத்தனை நுட்பமான கருவியும் பிற்பகலில் செவிடாகும். அடிப்படை ஆய்வுக்குச் செலவிடுவதை வீண் என்று கருதுவோருக்குக் காட்ட இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தீவின் கடற்கரைக் குன்றில் குக்ரியின் சிறு உருவம் ஒன்று கண்ணாடிக் கூண்டுக்குள் கடலை நோக்கி வைக்கப்பட்டிருக்கிறது. சுற்றுலா செல்வோர் அதன்முன் படமெடுத்துக்கொள்கின்றனர். இயற்பியல் வகுப்பில் எதிரொலிக் கணக்கைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், கணக்கை முடித்தபின் ஐந்து நிமிடம் ஒதுக்கி அக்கப்பலைப் பற்றியும் அதில் மறைந்த 194 பேரைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். தொலைவு சமம் வேகம் பெருக்கல் நேரம் என்னும் எளிய சூத்திரத்தை ஒரு கடலில் மெய்யாக்க எவ்வளவு விலை கொடுக்கப்பட்டது என்பதையும் அவர்கள் அறியட்டும்.

கடற்படைப் பணியிலும் ஒலியியல் ஆய்விலும் அனுபவமுள்ள நண்பர்கள் தம் குறிப்புகளைப் பின்னூட்டத்தில் சேர்த்தால் மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படும்.